உருண்டை உட்காருமுன்

என் வீட்டுக்காரர் மாதையனைத் தெரியாதவர்கள் எங்கள் மலையில் குறைவு. அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டார் என்று கேட்காதீர்கள். எதையும் சீக்கிரமாகச் செய்ததில்லை, அவ்வளவுதான். ஊரில் யாராவது ஒரு வேலையை இழுத்துக்கொண்டே போனால், "இன்னாடா, மாதையன் வூட்ல பொண்ணு எடுத்தியா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வரும். இப்போது நானே அப்படிக் கேட்கிறேன்.

நான் செல்லி. மலைப் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஊர்ச் சத்துணவுக்கூடத்தில் இப்போது சமைக்கிறேன். எனக்கு எல்லாம் சட்டுப்புட்டென்று ஆகவேண்டும். உலை கொதிக்காவிட்டால் பக்கத்தில் நின்று அதைத் திட்டுவேன் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும், பொய்யில்லை, திட்டுவேன். அப்பேர்ப்பட்ட என் தலையில் இந்த மனுஷனை யாரோ கட்டிவைத்துவிட்டார்கள் என்று பரிதாபப்படவேண்டாம். நானே அடம்பிடித்துக் கட்டிக்கொண்டதுதான். அது எப்படி என்றுதான் சொல்லப்போகிறேன். பொறுமையாகக் கேளுங்கள், எனக்குத்தான் பொறுமை கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

முதலில் ஆள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுபோகிற நாளில் ஊரே விடிந்ததும் விடியாததுமாகக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடும். இவர் கூழ் குடிப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவார். கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து ஆரம்பிப்பார். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏதோ கோயிலுக்குப் போகிறவர் கணக்காக நடந்து போவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பஸ் வரும். காலையிலிருந்து நின்று கால் கடுத்தவர்கள் எல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். இவர் மட்டும் வணக்கம் சொல்லி ஏறுவார். ஒருநாளாவது இவரை விட்டுவிட்டுப் போகாதா, அதை நான் கண்ணால் பார்க்கமாட்டேனா என்று எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டிருக்கிறேன். நடக்கவில்லை.

பேச்சும் அதே நடைதான். "சாமை விதைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துத் திரும்பினால், வாசலில் நின்றுகொண்டு "விதைக்கலாம்" என்பார். எதைக் கேட்டோம் என்பது நமக்கே மறந்துபோயிருக்கும்.

இவரிடம் நான் மயங்கியது ஒரு சேற்றில். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியிருந்தது. ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஓர் உளை உண்டு. மேலே பார்த்தால் சாதாரணச் சேறுதான். சுற்றிப்போனால் நேரமாகும் என்று நான் குறுக்கே காலை வைத்தேன். முழங்கால்வரை இறங்கிவிட்டது. வெடுக்கென்று இழுத்தேன். ஆள் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தேன், இன்னும் இறுகியது. சரி, இழுக்கவேண்டாம் என்று நின்றால் மெல்ல உள்ளே வாங்குகிறது. போய்ச் சேரப்போகிறோம் என்றே நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் மேல்தெரு மாதையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். ஓடிவந்து தூக்கினாரா? இல்லை. மாடுகளை ஓரமாக ஒதுக்கினார். தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். கரையில் உட்கார்ந்தார்.

"இழுக்காத," என்றார்.

"இழுக்காம இங்கியே குடித்தனம் பண்ணட்டுமா?" என்று கத்தினேன்.

"வெடுக்குன்னு இழுத்தா அது பாறை. மெதுவா ஆட்டுனா கூழு. காலைச் சும்மா ஆட்டிக்கினே இரு. பக்கத்துல தண்ணி எறங்கும்."

அதைச் சொல்லி முடிப்பதற்கே எவ்வளவு நேரம்! துண்டின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுக்கவே இல்லை, நான் சாயாமல் இருக்கப் பிடித்தது மட்டும்தான். நான் காலை ஆட்டிக்கொண்டே அவரைத் திட்டினேன். அவர் அப்பனை, அவர் மாட்டை, அவர் நடையை, அவர் குலத்தை, ஒன்றையும் விடவில்லை. வாயில் வந்ததெல்லாம் தீர்ந்து நான் மூச்சு வாங்கும்போது கால் தானாக வழுக்கிக்கொண்டு மேலே வந்தது, காலில் போட்டிருந்த கொலுசோடு. அவர் எழுந்து துண்டைச் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் எதாச்சும் பாக்கி கீதா? திட்டறதுக்கு."

அவ்வளவுதான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று. என் வாயைக் கேட்டுக்கொண்டு ஒருவன் கடைசிவரை உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை.

ஆனால் எங்கள் ஊரில் ஆசைப்பட்டால் மட்டும் போதாது. உருண்டை வைக்கவேண்டும்.

மலையில் மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு நடுவில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் சுடச்சுடக் கேழ்வரகுக் களியைப் பெரிய உருண்டையாக வைப்பார்கள். உருண்டையைச் சுற்றி இரண்டு விரற்கடை தள்ளி, புளியங்கொட்டைகளை வட்டமாக அடுக்குவார்கள். பேச்செல்லாம் உருண்டை உட்காருமுன் முடியவேண்டும். கடைசியில் மாப்பிள்ளை தன் வாயால் பெண் கேட்கவேண்டும், அப்பன் கொடுத்தேன் என்று சொல்லவேண்டும். அதற்குள் உருண்டையின் வயிறு பெருத்து ஒரு கொட்டையைத் தொட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. எல்லோரும் அந்தக் களியையே பிட்டுத் தின்றுவிட்டு எழுந்து போகவேண்டியதுதான். மறுபடி வருவதென்றால் அடுத்த வருஷம் சாமை அறுத்த பிறகு. அந்தக் காலத்தில் பெண் பேச வந்தவர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து பேசிப் பெண்வீட்டுத் தானியத்தையெல்லாம் தின்று தீர்த்தார்களாம். அதனால் வந்த வழக்கம் என்பார்கள். நான் நம்புகிறேன். எங்கள் ஆட்கள் தின்னக்கூடியவர்கள்தான்.

களி ஒரு குணங்கெட்ட பண்டம். இறக்கிவைத்துப் பார்த்தால் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். நாம் அந்தப்பக்கம் திரும்பிப் பேசிவிட்டு வருவதற்குள் இடுப்பு பெருத்திருக்கும். விரலால் பட்டென்று தட்டினால் திருப்பித் தள்ளும். மெல்ல அழுத்தினால் உள்ளே விட்டுவிடும். தண்ணீராக இருந்தால் ஓடவேண்டும், கட்டையாக இருந்தால் கிடக்கவேண்டும். இது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பார்க்கிறபோது ஒன்று, பார்க்காதபோது ஒன்று என்று ஏமாற்றும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. களி கிண்டுவது பெண்வீட்டுப் பெண்கள். சம்பந்தம் பிடித்திருந்தால் மாவைத் தாராளமாகப் போட்டுக் கெட்டியாகக் கிண்டுவார்கள். உருண்டை நின்று பேசும். பிடிக்கவில்லையென்றால் தளதளவென்று கிண்டிவிடுவார்கள். வந்தவர்கள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அது உட்கார்ந்துவிடும். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. களிதான் சொன்னது.

எங்கள் வீட்டில் களி கிண்டுகிறவள் என் அத்தை மங்கம்மாள், அப்பாவின் அக்கா. என் அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அப்பா கோபால்சாமி வாயில்லாப் பூச்சி. அத்தை சொன்னால் சரி, நான் சொன்னாலும் சரி, இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவார்.

மாதையன் வீட்டில் பெண் கேட்டு வருகிறார்கள் என்றதும் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடியே, அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள அடை வெச்ச முட்டை குஞ்சு பொரிச்சுடும். அவனா உனக்கு?"

"அவருதான்."

"நீ பட்டாசு. அவன் ஈர வெறகு. எப்பிடிடீ ஒத்துவரும்?"

"ஒத்துவந்தா உனக்கென்ன, வராட்டி உனக்கென்ன?"

"உருண்டை வெக்கறேன், வா," என்றாள் அத்தை. அதை அவள் சொன்ன விதத்திலேயே எப்படிக் கிண்டப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதூர்நாட்டுப் பக்கம் அவளுக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை இருந்தான். நல்ல சுறுசுறுப்பாம், பேச்சு சரசரவென்று வருமாம். இந்த உருண்டை உட்கார்ந்துவிட்டால் மறுவாரமே அவர்களை வரச்சொல்லிவிடுவாள். அவர்களுக்கு எப்படிக் கிண்டுவாள் என்று சொல்லவேண்டுமா? பலகையில் வைத்தால் அடுத்த மழைக்கும் அசையாது. மாசி வருவதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், அடுத்த சாமை அறுப்புக்கு மாதையன் வந்து யாரைக் கேட்பார்?

அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தை என்னைத் தண்ணீருக்கு அனுப்பினாள். ஓடிப்போய் ஓடிவந்து பார்த்தால், துடுப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். களி அதிலிருந்து நாடாப்போல நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. கெட்டிக் களி அப்படி இறங்காது. இது வெற்றிலை மடிக்கிற நேரம்கூட நிற்காது என்று தெரிந்துவிட்டது.

வெளியே ஆள் அரவம் கேட்டது. வந்தவர்களை வாங்க என்று கூப்பிட அத்தை வாசலுக்குப் போனாள். நான் மாவுப்பானைக்குள் கையை விட்டேன். அள்ளி அள்ளிக் கொட்டினேன். களி கிண்டுவதென்றால் பானை ஆடாமலிருக்கக் கவைக்கோலை முட்டுக் கொடுத்து, அதை மிதித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டுக் கிண்டவேண்டும். எனக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? கவைக்கோல் இல்லாமலே சுழற்றினேன். பானை ஓர் ஆட்டம் ஆடியது, களி எகிறி வலது மணிக்கட்டில் விழுந்தது. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். களி அப்படியா? அப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். உயிர் போய்த் திரும்பியது. கத்தினால் அத்தை வந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு வழித்தெறிந்தேன், கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன்.

அத்தை வந்தாள். பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாவு போட்டியா?"

"நான் ஏன் போடறேன்?"

அவளா விடுவாள்? ஓர் அகப்பை வெந்நீரை எடுத்து ஊற்றி நாலு சுற்று சுற்றினாள். நான் போட்டதும் அவள் ஊற்றியதும் சேர்ந்து அந்தக் களி எப்படி நடந்துகொள்ளும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது.

பலகையில் உருண்டை வைத்தாகிவிட்டது. கொட்டைகளை வட்டமாக அடுக்கியது ஊர்க்கவுண்டர் அருணகிரி. அவர் சொன்னால்தான் தொட்டது தொட்டது, தொடாதது தொடாதது. அந்தப்பக்கம் மாதையனும் அவர் அக்கா குப்பம்மாளும், கூட வந்த உறவு ஜனமும். இந்தப்பக்கம் அப்பாவும் எங்கள் ஆட்களும். நான் கதவோரம்.

பேச்சு ஆரம்பித்தது. குப்பம்மாள் கெட்டிக்காரி, தம்பியின் குணம் தெரிந்தவள். வரும்போதே பாதியைப் பேசிக்கொண்டே வந்தாள். ஆனால் அப்பா இருக்கிறாரே, அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. மாடு கன்று போட்டதைச் சொல்கிறார், கரடி பலா மரத்தில் ஏறியதைச் சொல்கிறார். உருண்டையின் அடிவயிறு மெல்லப் பிதுங்கத் தொடங்கியது.

நான் முறத்தை எடுத்துக்கொண்டு போய் உருண்டைக்கு நேராக நின்று விசிற ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா இது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"வந்தவங்களுக்கு வேர்க்குதுங்க."

கார்த்திகைக் குளிரில் யாருக்கு வேர்க்கும்? குப்பம்மாள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா ஆமா, புழுக்கமாத்தான் கீது, நல்லா வீசும்மா," என்றாள். ஆறினால் களி ஆடை கட்டி இறுகும் என்பது அவளுக்கும் தெரியும்.

அத்தை விடவில்லை. ஒரு பெரிய இலையைக் கொண்டுவந்து உருண்டையை மூடினாள். "ஈ மொய்க்குது."

"ஈயே இல்லியே அத்தை!"

"நீ பாக்கல. நான் பாத்தேன்."

மூடினால் சூடு உள்ளேயே நிற்கும், களி இளகிக்கொண்டே போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, ஊர்க்கவுண்டர் துள்ளிக்கொண்டு எழுந்தார். "மூடி வெச்சா தொட்டுதா தொடலியான்னு நான் எப்பிடிப் பாக்கறது? எடு இலையை!" என்றார். நான் இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு முன்னைவிட வேகமாக விசிறினேன். ஓரத்தில் இருந்த ஒரு கொட்டை காற்றில் நகரப் பார்த்தது. "ஏய், கொட்டைய அசைக்காத!" என்று அத்தை கத்தினாள். சபையே சிரித்தது.

சிரித்து முடித்துப் பார்த்தால், உருண்டைக்கும் எதிரில் இருந்த கொட்டைக்கும் நடுவில் ஒரு கேழ்வரகு மணி நுழைகிற இடம்தான் இருந்தது.

"போதும் பேச்சு," என்றார் ஊர்க்கவுண்டர். "மாப்பிள்ளை, கேளுப்பா."

மாதையன் எழுந்தார். எழுந்ததே ஒரு நாழிகை. வேட்டியைச் சரிசெய்தார். தலைத்துண்டை அவிழ்த்தார். மடித்தார். மடிப்பு சரியில்லை, பிரித்து மறுபடி மடித்தார்.

"டேய் மாதையா, கேளுடா!" என்று குப்பம்மாள் கத்தினாள்.

"மாமா, பொண்ணு குடுன்னு மூணு வார்த்தைடா!" என்று பின்னாலிருந்து யாரோ.

"தொடப்போவுது, தொடப்போவுது!" என்று அத்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து உருண்டையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி உருண்டையைப் பார்த்தார். எனக்கு அவரைக் கழுத்தை நெரிக்கலாமா, காலில் விழலாமா என்று இருந்தது. புதூர்நாட்டுக்காரன் மஞ்சள் வேட்டியோடு வந்து உட்கார்ந்திருப்பதுபோலக் கண்ணுக்குள் தெரிந்தது. முறத்தை வீசி வீசித் தோள் கழன்றுவிட்டது. கடைசியில் அவர் வாயைத் திறந்தார். அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் திரும்பினார்.

"செல்லி... உனக்கு..."

"சம்மதம்!" என்று அலறினேன். "எனக்குச் சம்மதம்! சம்மதம்!"

அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரையே பெயர்ந்து போகும் போலிருந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பொண்ணே சொல்லிடுச்சு, அப்புறம் இன்னா?" என்று ஊர்க்கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோபால்சாமி, குடுத்தியா?"

"குடுத்தேன், குடுத்தேன்," என்றார் அப்பா, அத்தையைத் திரும்பிப் பார்க்காமலே.

ஊர்க்கவுண்டர் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "இன்னா மங்கம்மா, வெளிய கல்லு மாதிரி கீது, உள்ள பச்சை மாவா கீது?" என்றார். களி கிண்டுவதில் பேர் வாங்கிய என் அத்தை அன்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஆனால் கல்யாணத்தன்று எனக்கு முதல் ஆளாய்ப் பூ வைத்துவிட்டதும் அவள்தான். இப்போது அவளுக்கு இவர்தான் செல்லப்பிள்ளை. அவள் கதையை முடிவுவரை உட்கார்ந்து கேட்கிறவர் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்ல வந்திருக்கவே மாட்டேன்.

அந்த நாள் ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. எத்தனை தலைமுறையாக உருண்டை வைக்கிறோம், பெண்ணைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்று எவனாவது கேட்டிருக்கிறானா? மாதையன் கேட்டான் பார், நேரம் போகிறது என்று தெரிந்தும் கேட்டான் பார் என்று பெண்களெல்லாம் வாயில் விரல் வைத்தார்கள். அடுத்த உருண்டையிலேயே ஒரு பெண், "மாதையண்ணன் மாதிரி என்னை மொதல்ல கேக்கச் சொல்லுங்க," என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டாள். ஊர்க்கவுண்டர் யோசித்தார், சரியென்று பட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் மாப்பிள்ளை முதலில் பெண்ணைக் கேட்கவேண்டும், அப்புறம்தான் அப்பனை. அதற்காகக் கொட்டை வட்டத்தைக்கூட ஒரு விரற்கடை தள்ளி வைத்தார்கள். சத்துணவுக்கூடத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். என் புருஷன் ஆரம்பித்துவைத்த வழக்கம் அல்லவா?

இந்த வருஷம் குப்பம்மாளின் மகள் கன்னியம்மாளுக்கு உருண்டை வைத்தார்கள். பையன் வந்ததும் வராததுமாக அவளைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டான். அவள் கொஞ்ச நேரம் அவனைக் காக்கவைத்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஓடைப்பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பழைய உளையின்மேல் இப்போது கல் போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நான் பேசிக்கொண்டே இருந்தேன். "எல்லாம் நீ அன்னிக்குக் கேட்ட கேள்வியால வந்தது," என்றேன்.

"செல்லி," என்றார்.

"இன்னா?"

நான் கொலுசைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன்.

"அன்னிக்கு நான் அதைக் கேக்கல."

"எதை?"

"சம்மதமான்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். "பின்ன இன்னா கேட்ட?"

"எங்க கேட்டேன்? கேக்கறதுக்குள்ளதான் நீ கத்திட்டியே."

"சரிய்யா, இன்னா கேக்க வந்த? சீக்கிரம் சொல்லு, எனக்குத் தலை வெடிக்குது!"

அவர் துண்டை அவிழ்த்தார், மடித்தார். "நீ சோத்தாங்கைக்காரி. அன்னிக்குப் பீச்சாங்கையால மொறத்தை வீசிக்கினு இருந்த. சோத்தாங்கை முந்தானைக்குள்ள இருந்துச்சு. மொகம் சுண்டிக் கெடந்துச்சு. கை சுட்டுக்கினியோன்னு தோணுச்சு. செல்லி, உனக்குக் கை எரியுதான்னு கேக்க வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "அடப்பாவி மனுஷா! இத்தினி வருஷமா ஊருல தலை நிமிர்ந்து பீத்திக்கினு கீறேன்! கவுண்டரு வழக்கத்தையே மாத்திட்டாரு! கொட்டைய நகத்தி வெச்சாங்க! அப்போ நீ என்னைப் பொண்ணு கேக்கவே இல்லியா?"

"கையைக் கேட்டுட்டு, அப்புறம் பொண்ணு கேக்கலாம்னு இருந்தேன்."

"அப்புறமா? எங்கய்யா இருந்துச்சு அப்புறம்? உருண்டை கொட்டையத் தொடப்போச்சே!"

"தொடாது," என்றார். "நீ வீசுன வீச்சுல அது எப்பவோ ஆடை கட்டிக்கிச்சு. எழுந்து நின்னு ரெண்டு தடவ பாத்தேன், அசையவே இல்ல. உருண்டையையும் பாக்கணும், உன்னையும் பாக்கணும், அதான் நேரமாச்சு."

நான் வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் அன்றைக்குக் கத்தினோம். களி கிண்டிய அத்தை, வட்டம் போட்ட கவுண்டர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நான், எங்களில் ஒருத்தர்கூட அது நின்றுபோனதைப் பார்க்கவில்லை. என் கையையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர் அதைக் கேட்பதற்குத்தான் முதலில் வாயைத் திறந்திருக்கிறார், நான்தான் கேட்கவிடவில்லை. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்?

"இதை ஊருல யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத," என்றேன். "பொண்ணுங்க கெட்டியாப் புடிச்சுக்கினு கீதுங்க. கெடுத்துடாத."

"நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள யாரு கேக்கறாங்க?"

முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். மணிக்கட்டில் அந்த வடு இன்னும் இருக்கிறது, அரசிலை அளவுக்கு. அதை அவர் முன்னால் நீட்டினேன்.

"சரி, இப்போ கேளு. முழுசாக் கேளு. நான் குறுக்க பேசல."

அவர் என் கையை வாங்கிப் பார்த்தார். ஓடையில் ஓர் இலை வந்தது, கல்லில் மோதியது, சுற்றிக்கொண்டு போயே விட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"செல்லி... உனக்குக் கை... எரியுதா?"

"இல்லய்யா," என்றேன். "ஆறிப்போச்சு."